காந்தி பால் பாடம் படித்த இடம்

1927 ஜூன். உடல்நலம் தேறுவதற்காக பெங்களூரில் தங்கியிருந்த காந்தி, ஓசூர் சாலையில் அடுகோடியில் இருந்த அரசு பால்பண்ணைக்கு மாணவராகப் போய்வந்தார். பதிவேட்டில் தன்னை 'சபர்மதி விவசாயி' என்று குறித்துக்கொண்டார். பாடம் நடத்தியவர் வில்லியம் ஸ்மித் என்ற பிரிட்டிஷ் நிபுணர். கோசாலைகள் ஒழுங்கான பால்பண்ணைகளாக மாறினால்தான் பசு பிழைக்கும் என்று காந்தி வாதிட்டுவந்த காலம் அது.

1923ல் தொடங்கிய அந்த நிலையம்தான் இன்றைய தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிலையம். 1955ல் தலைமையகம் கர்னாலுக்குப் போக, பெங்களூர் தென்மண்டலக் கிளையானது. கிண்டியில் பொறியியல் படித்த வர்கீஸ் குரியன், அமெரிக்கா போகுமுன் பயிற்சி பெற்றதும் இங்கேதான். அதுவும் வேண்டாவெறுப்பாக!

இத்தனை இருந்தும், பாரம்பரியம் என்றதும் யாருக்கும் பால்பண்ணை நினைவுக்கு வருவதில்லை. அரண்மனை என்றால் கொடி பிடிக்க ஆள் உண்டு. மாட்டுக் கொட்டிலில் சிற்பமா இருக்கிறது? பழைய பால்பண்ணைக் கட்டடங்களின் அருமையே வேறு. கழுவிய நீரும் கோமியமும் தேங்காமல் ஓடச் சாய்த்துப் போட்ட தரை. வெப்பக் காற்று வெளியேற கூரை முகட்டில் விட்ட திறப்பு. தொழுவத்திலிருந்து தள்ளி, வெயில் படாத பக்கமாகப் பார்த்துக் கட்டிய பால் அறை. குளிர்சாதனம் வருமுன் பால் கெடாமல் காத்ததில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. வெண்ணெய் கடையும் இயந்திரத்தை அருங்காட்சியகத்துக்குத் தூக்கிப் போகலாம். தரையின் சாய்வை?

1958ம் ஆண்டின் புராதனச் சின்னங்கள் சட்டப்படி, மத்திய அரசின் பாதுகாப்பு பெற ஒரு கட்டடத்துக்கு 100 வயதாவது ஆகியிருக்க வேண்டும். அடுகோடி நிலையமே 2023ல்தான் நூறைத் தொட்டது. நூறு தாண்டினாலும் கவனம் கிடைக்கும் என்பதில்லை. 1889ல் அலகாபாத்தில் தொடங்கிய ராணுவப் பால்பண்ணைகள் 132 ஆண்டுகள் படைவீரர்களுக்குப் பால் கொடுத்துவிட்டு 2021 மார்ச்சில் மூடப்பட்டன. அப்போது பெரிதாகப் பேசப்பட்டவை மாடுகளும், மிச்சமான சுமார் 20,000 ஏக்கர் நிலமும்தான். கொட்டில்களைப் பற்றி அதிகம் பேச்சில்லை.

அடுகோடிக்கு ஓர் அனுகூலம்: அங்கே ஆராய்ச்சியும் படிப்பும் தொடர்கின்றன. பழைய கட்டடங்களை அளந்து, வரைபடமும் புகைப்படமும் எடுத்துவைக்க பெரிய செலவாகாது. அடுத்த மராமத்துக்கு சிமெண்ட் மூட்டை வந்து இறங்குமுன் செய்தாக வேண்டும்.