சேராமலே பின்பற்றலாமா?

முழுநிலா நாளன்று திருவண்ணாமலையை வலம்வரும் மக்கள் வெள்ளத்தைப்பற்றி அறியாதவர் தமிழகத்தில் இலர். ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை மலையின் மேற்புறத்தில் அடி அண்ணாமலை என்னும் சிற்றூரின் வழியே செல்கிறது. அங்கே ஆதி அருணாசலேசுவரர் திருக்கோயில் உள்ளது. பாதையோரமாக மாணிக்கவாசகருக்கும் ஒரு கோயில் உண்டு. அவர் திருவெம்பாவையைப் பாடியது திருவண்ணாமலையிலேதான் என்பது சைவ மரபு.

அம்மாணிக்கவாசகரின் திருவாசகம் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்து 1900-ஆம் ஆண்டில் வெளியிட்டவர், ஆங்கிலிக்கன் சபைக் குருவான ஜி. யு. போப் ஆவார். அப்போது அவருக்கு அகவை எண்பது. அவர் சைவராகவில்லை, ஆகவேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கவுமில்லை. பிற சமய நூலொன்றைப் படித்து நெஞ்சுருகுவதை உலகம் எளிதில் பொறுத்துக்கொள்ளும். அந்நூல் காட்டும் வாழ்வையே ஒருவர் வாழத் தொடங்கிவிட்டால்தான் இரு புறத்தாரும், "நீ யார் பக்கம்?" என்று கேட்கத் தொடங்குகின்றனர்.

இக்கேள்விக்கு ஆளான ஒருவர் இதே அண்ணாமலையின் குகைகளில் வாழ்ந்தார். பிரான்சு நாட்டின் பிரித்தானி மாநிலத்தில் 1910-இல் பிறந்த ஆன்றி லெ சோ, தம் பத்தொன்பதாம் வயதில் கெர்கோனான் மடத்தில் புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவியானவர். 1948-இல் இந்தியா வந்து, திருச்சி மறைமாவட்டத்தில் ஏற்கெனவே பணிபுரிந்துகொண்டிருந்த அருட்தந்தை மொன்ஷனேனுடன் சேர்ந்தார். அடுத்த ஆண்டு சனவரியில் இருவரும் ரமண மகரிஷியைக் காணத் திருவண்ணாமலைக்குச் சென்றனர்.

முதல் நாள் அவருக்கு ஏமாற்றமே. பெரியதோர் அனுபவத்தை எதிர்நோக்கி அமர்ந்திருந்தவரின் முன், எளிய முதியவர் ஒருவர் அமைதியாகத் தம் அன்றாடச் செயல்களைச் செய்துகொண்டிருந்தார்; அவ்வளவே! அங்கிருந்த ஆங்கிலப் பெண்மணி ஒருவர், அவர் தம் நெஞ்சில் அளவுக்கு மிஞ்சிய மூட்டைகளுடன் வந்திருப்பதாகவும், அவற்றை இறக்கி வைத்துவிட்டு வெறுங்கையராய் அமரவேண்டுமென்றும் அறிவுரை கூறினார். பன்னூல் கற்ற குரு ஒருவருக்கு இது கசப்பான மருந்துதான். அவர் அதை ஏற்றுக்கொண்டார். பின்னாளில் தாமே அதை எழுதியும் வைத்தார்.

1950 மார்ச் 21 அன்று, புனித ஆசீர்வாதப்பர் திருநாளில், குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையில் சச்சிதானந்த ஆசிரமத்தை இருவரும் தொடங்கினர். சாந்திவனம் என்று நாம் அழைப்பது அதனையே. காவியுடை பூண்ட லெ சோ, அபிஷிக்தானந்தர் என்னும் பெயரை ஏற்றார். அபிஷேகம் பெற்றவராகிய கிறிஸ்துவிலே ஆனந்தம் கொள்பவர் என்பது அதன் பொருள். ஆனால் அதே ஆண்டு ஏப்ரல் 14-இல் மகரிஷி மறைந்தார். எனினும் அம்மலை அவரை விடவில்லை. 1952 முதல் சில ஆண்டுகள் மீண்டும் மீண்டும் வந்து அதன் குகைகளில் மௌனமாகத் தங்கினார். 1955 இறுதியில் திருக்கோவலூர் ஞானானந்தரைக் கண்டு, அவரைக் குருவாகவே கொண்டார்.

அவர் எடுத்துக்கொண்டவை யாவை என்பதைக் கருதவேண்டும். காவித்துணியை யாரும் உடுத்தலாம். மௌனமும் வறுமையும், "நான்" என்பதை விடாமல் ஆராயும் கடுந்தவமும் எளிதில் உடுத்தக்கூடியவை அல்ல. பிற சமயத்தின் இனிய பண்டங்களை மட்டும் பொறுக்கிச் சுவைப்பவர் இன்று பலர் உளர். அவர்களோடு இவரை எண்ணுதல் தகாது.

அதே வேளையில் அவர் தம் வீட்டை விட்டு வெளியேறவும் இல்லை. 1964-இல் ரைமண்ட் பணிக்கருடன் கங்கோத்திரிக்கு நடந்து, கங்கை பிறக்கும் இடத்தருகே திருப்பலி நிறைவேற்றினார். 1973 டிசம்பர் 7 அன்று இந்தூரில் இறக்கும்வரை கத்தோலிக்கக் குருவாகவே இருந்தார். இரண்டு உண்மைகளும் தம்முள் எவ்வாறு பொருந்துகின்றன என்பதை இறுதிவரை அவரால் தெளிவாக விளக்க முடியவில்லை. 1986-இல் வெளிவந்த அவருடைய நாட்குறிப்பு, அவர் பட்ட வேதனையை மறைக்காமல் காட்டுகிறது. அவருடைய முடிவுகள் அனைத்தையும் நாம் ஏற்கவேண்டியதில்லை. அந்த வேதனையை அவர் மழுப்பாததே எனக்கு அவரிடம் மதிப்பை உண்டாக்குகிறது.

எதிர்த் திசையிலும் நடந்தவர்கள் உண்டு. ரமணரே மதுரையில் அமெரிக்க மிஷன் பள்ளியில் பயின்றவர். தம்மை நாடி வந்தோர்க்கு விவிலியச் சொற்களை எடுத்துக்காட்டி விளக்கியவர். காந்தியடிகளோ மலைப்பொழிவால் ஆட்கொள்ளப்பட்டும் இந்துவாகவே வாழ்ந்தார். இவர்களை நாம் தயங்காமல் போற்றுகிறோம். ஆனால், சென்னையில் வாழ்ந்த ஓ. கந்தசாமிச் செட்டியார் நம்மைத் தயங்கவைக்கிறார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் டாக்டர் மில்லரிடம் பயின்ற அவர், இயேசுவையே மீட்பராக ஏற்றவர். திருமுழுக்கு மட்டும் பெறவில்லை. அதற்கான காரணத்தை 1915-இல் மிஷனரிமார் முன்னிலையிலேயே எடுத்துரைத்தார். சபையும் ஒரு மனித சமுதாயமே, இந்து சமுதாயமும் ஒரு மனித சமுதாயமே. முன்னதில் சேர்வதற்காகப் பின்னதை விட்டோடும்படி இறைவன் தம்மை அழைக்கவில்லை என்பது அவர் வாதம்.

திருமுழுக்கு வெறும் இனமாற்றச் சடங்கன்று, அது அருளடையாளம். ஆகவே அவ்வாதத்தை நாம் அப்படியே ஏற்க இயலாது. ஆயினும், திருமுழுக்கு என்றவுடன் மக்களின் கண்ணுக்குச் சாதியும் உறவும் மாறுவதே முதலில் தெரியுமாறு நடந்துகொண்டதில் நமக்கும் பங்கில்லையா?

சட்டமும் தன் பங்கைச் செய்திருக்கிறது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத்தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதியினர்க்குரிய உரிமை முதலில் பெரும்பாலும் இந்துக்களுக்கே இருந்தது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அது விரிக்கப்பட்டது. கிறிஸ்தவரானவர்க்கு அது இன்னும் இல்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் வரிசையில் வைக்கப்படுகின்றனர். பிள்ளையின் படிப்பா, பங்குக் கோயிலின் பதிவேட்டில் ஒரு வரியா என்று தராசைப் பிடித்து நிற்கும் ஏழைத் தாய்க்கு, நெறியை ஏற்றுச் சபையில் சேராமல் இருப்பது தத்துவச் சிக்கலன்று, வயிற்றுப்பாடு. நன்றாக உண்டு உறங்குகிற நாம் அவளைக் கோழை என்று கூறிவிடலாகாது.

நேரிய உள்ளத்துடன் இறைவனைத் தேடுவோர், தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதிருந்தாலும் மீட்படையக்கூடும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் கற்பித்தது. பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமான எதனையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று 1965-இல் அறிவித்தது. இச்சொற்கள் வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முன்னதாகவே அபிஷிக்தானந்தர் அண்ணாமலைக் குகையில் அமர்ந்திருந்தார் என்பது நினைவிருக்கட்டும். ஆயினும், நற்செய்தியை அறிந்தும் வாசலிலேயே நிற்பவரைப்பற்றிய கேள்வி இவற்றால் முழுவதும் தீர்ந்துவிடவில்லை.

அப்படி நிற்பவரைக் காணத் தொலைதூரம் செல்லவேண்டாம். ஞாயிறு திருப்பலியில் நற்கருணை வாங்க எல்லாரும் எழும்போது, கடைசி வரிசையில் எழாமல் ஒருவர் இருப்பார். ஒருகால் அவர் நம் மருமகளின் தந்தையாக இருக்கலாம். நம் தெருவில் இட்டிலி விற்கும் அம்மாளாக இருக்கலாம். வாரந்தோறும் வருவார், மறையுரையை நம்மைவிடக் கவனமாகக் கேட்பார். பாடல் முடிந்ததும், யாரும் எதுவும் கேட்டுவிடுமுன், செருப்பை மாட்டிக்கொண்டு முதலாவதாக வெளியேறிவிடுவார்.