பின்னால் வந்து சேரும் வரிக்கும் நிறம் வேண்டும்

மண்சரிவு எச்சரிக்கைக்கு மூன்று நிறங்கள். மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள். செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகுங்கள். சிவப்பு என்றால் வெளியேறுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதனைப் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக அறிவிக்கிறது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன பிறகு, மலையகத்தில் இந்த நிறங்களை யாரும் சாதாரணமாக எடுப்பதில்லை. 1977, 1983 வன்செயல்களின் பின்னர் இங்கிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறியவர்களின் சொந்தங்கள் இன்னும் இந்த லயங்களில்தான் இருக்கின்றன. இங்கே மழை என்றால் அவர்களும் அங்கிருந்து கைத்தொலைபேசியைப் பார்க்கிறார்கள்.

ஹட்டனில் கணினி படிக்கும் சில பிள்ளைகளோடு சேர்ந்து, இந்த அறிவிப்புகளைத் தமிழில் காட்டும் ஒரு சிறு இணையப் பக்கத்தைச் செய்துவருகிறேன். பிள்ளைகள் முதலில் கேட்டது நல்ல கேள்வி. பக்கத்தைத் திறக்கும்போது வலப்பனை என்ற வரியே இல்லை. பத்து நிமிடம் கழித்துத் தரவு வந்ததும் ஜாவாஸ்கிரிப்ட் அதை உருவாக்குகிறது. அந்த வரிக்கு யார் நிறம் பூசுவது?

யாரும் பூச வேண்டியதில்லை. ஸ்டைல் ஷீட் என்பது பெயின்ட் அல்ல, நிற்கும் கட்டளை. பிரட்டுக்களத்தில் ‘கொழுந்தெடுக்கிற ஆளெல்லாம் பத்தாம் நம்பர் மலைக்கு’ என்று கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டால், பிந்தி வருகிறவரும் அங்கேதான் போவார். ‘சிவப்பு என்ற கிளாஸ் உள்ள வரிக்குச் சிவப்புப் பின்னணி’ என்று ஒருமுறை எழுதிவிட்டால், அந்தக் கிளாஸோடு எப்போது எந்த வரி வந்தாலும் உலாவியே விதியைப் பொருத்திவிடும். கிளாஸை மாற்றினால் நிறமும் அந்தக் கணமே மாறும். (கிளாஸுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், உலாவி ஏற்றுக்கொள்ளும். பிள்ளைகளுக்கு இதில்தான் அதிக சந்தோசம்.)

ஆகவே நிரல் நிலையை மட்டும் சொல்லட்டும். தோற்றத்தை ஸ்டைல் ஷீட் பார்த்துக்கொள்ளட்டும். நிறத்தை நிரலுக்குள்ளேயே ஒவ்வொரு வரியிலும் நேரடியாக எழுதினால், அது ஸ்டைல் ஷீட்டின் சாதாரண விதிகளை மீறி நிற்கும். பிறகு இரவு நேரத்துக்குக் கறுப்புப் பின்னணி வேண்டுமென்றால் அத்தனையையும் தேடித் திருத்த வேண்டிவரும்.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. ‘மூன்றாவது வரிக்குச் சிவப்பு’ என்று இடத்தை வைத்தும் விதி எழுதலாம். நிலையான அட்டவணைக்கு அது சரி. இங்கே மேலே அம்பகமுவ என்று ஒரு வரி புதிதாகச் சேர்ந்தால், வலப்பனை நாலாவதாகிவிடும். அதன் சிவப்பு, இரண்டாவதாக இருந்த கொத்மலைக்குப் போய்விடும். உலாவி எந்தப் பிழைச்செய்தியும் காட்டாது, ஏனென்றால் சொன்னதைத்தான் அது செய்திருக்கிறது. வெளியேற வேண்டியவர் படுத்திருப்பார், இருக்கலாம் என்றவர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் இறங்குவார். நிறம் இடத்தோடு அல்ல, பொருளோடு கட்டப்பட வேண்டும்.

இன்னொன்று வெறும் பெட்டி. தரவு வராதபோது பட்டியல் காலியாகக் கிடந்தால், பார்ப்பவர் ‘ஆபத்தில்லை’ என்றே எடுத்துக்கொள்வார். காலியான பெட்டியை மட்டும் தேர்ந்து, அதில் ‘தகவல் இன்னும் வரவில்லை’ என்று காட்ட ஸ்டைல் ஷீட்டில் வழி உண்டு. உள்ளே ஓர் இடைவெளி எழுத்து கிடந்தாலும் அது காலி என்று கணக்காகாது, கவனம்.

ஆனால் எச்சரிக்கைச் சொல்லையே அப்படி எழுதக்கூடாது. ஸ்டைல் ஷீட் உண்டாக்கும் எழுத்து பிரதியெடுத்தால் கூட வராது. ‘வெளியேறவும்’ என்ற சொல் வட்ஸ்அப்பில் அனுப்பும்போது காணாமல் போகும். நிறமும் அப்படித்தான் போகும். அதனால் சொல்லை வரிக்குள்ளேயே நிரல் எழுத வேண்டும்.

தமிழுக்கென்று இரண்டு. ஆங்கிலத் தலைப்புகளில் அழகுக்காக எழுத்துகளுக்கிடையே இடம் விடுவதைத் தமிழில் செய்யாதீர்கள். துணைக்கால்களும் கொம்புகளும் பிரிந்து நிற்கக்கூடும். ஹங்குரன்கெத்த போன்ற நீண்ட பெயர் சிறு திரையில் பெட்டியை மீறி ஓடும்; இடம் போதாதபோது சொல்லை மடித்துக்கொள்ள அனுமதிக்கும் விதியைச் சேருங்கள். இந்த விதிகளும் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தால், நள்ளிரவில் வந்துசேரும் வரிக்கும் தானாகப் பொருந்தும்.