பழைய பெயர், புதிய கைகள்

கலைந்துபோன ராக் குழுக்கள் மீண்டும் கூடுகின்றன. ஆனால் மேடையில் நிற்பது அதே குழுதானா?

பாலக்காடு என்றதும் செம்பை வைத்தியநாத பாகவதரையும் மிருதங்க மேதை மணி அய்யரையும் நினைத்துக்கொள்பவர்களுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கலாம். அதே மாவட்டத்து ஷொரணூர்க்காரரான ஹரீஷ் சிவராமகிருஷ்ணன், எலெக்ட்ரிக் கிதாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவே நின்று கர்நாடக ராகம் பாடுகிறார். அவரது ‘அகம்’ உருவானது பெங்களூரில். தமிழ்நாடு அவர்களைக் கவனித்தது சன் டிவியின் ‘ஊ லலலா’ போட்டியில்.

வாளையாருக்கு அந்தப் பக்கம் ராக் புதிதல்ல. கொச்சி ஓட்டல் மேடைகளில் வளர்ந்த ‘13 ஏடி’, 1990ல் ‘கிரவுண்ட் ஜீரோ’ என்ற ஆல்பத்தையே வெளியிட்டுவிட்டது. ’90களின் நடுவில் கலைந்தது. 2008ல் திரும்பி வந்தபோது பழைய முகங்களோடு புதிய முகங்களும் இருந்தன.

1996ல் அதே கொச்சியில் பிறந்த ‘மதர்ஜேன்’ கதை வேறு. கிதார் தந்தியை இழுத்து கமகம் வாசிக்கும் பைஜு தர்மஜனும், பாடகர் சூரஜ் மணியும்தான் அதன் முகம். 2008ல் வந்த ‘மக்தூப்’ ஆல்பம் குழுவை நாடு முழுக்கக் கொண்டுசென்றது. இரண்டே ஆண்டுகளில் பைஜு வெளியேறினார். அடுத்த சில ஆண்டுகளில் சூரஜும் போய்விட்டார். குழு கலைக்கப்படவில்லை, பெயர் தொடர்ந்தது. ஆனால் ரசிகர் காதில் இருந்தது போனவர்களின் சத்தம்.

மலையாளத்திலேயே ஆல்டர்னேட்டிவ் ராக் பாடிய ‘அவியல்’ 2003ல் தொடங்கியது. முதலில் பாடியவர் ஆனந்தராஜ் பெஞ்சமின் பால். பிறகு அந்த மைக் டோனி ஜான் கைக்குப் போனது. பேஸ் கிதார் வாசித்த நரேஷ் காமத் இருந்த இடத்தில் பின்னி ஐசக். கிதார் வாசிக்கும் ரெக்ஸ் விஜயனையோ சினிமா அழைத்தது: 2011ல் ‘சாப்பா குரிசு’ படத்தின் இசை அவருடையது. கேரளத்தில் ராக் வாசிப்பவர் எவ்வளவு தூரம் போனாலும் கடைசியில் சினிமா வாசலில்தான் நிற்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் என்ன வாழ்கிறதாம்?

இந்த விஷயத்தில் மற்றவர்கள் படிக்கவேண்டிய பாடம் பம்பாயில் இருக்கிறது. 1984ல் தொடங்கிய ‘ராக் மெஷின்’, கல்லூரிக் கூட்டம் வெளிநாட்டுப் பாட்டையே கேட்டுக் கத்திக்கொண்டிருந்த காலத்தில் சொந்தப் பாட்டு பாடிய குழு. 1988ல் முதல் ஆல்பம். 1993ல் பெயரை ‘இண்டஸ் கிரீட்’ என்று மாற்றிக்கொண்டார்கள். எம்டிவி அவர்களது ‘பிரெட்டி சைல்ட்’ வீடியோவை வீடு வீடாகக் கொண்டுபோனது. 1995ல் புதிய பெயரிலேயே ஓர் ஆல்பம். இனி ஏறுமுகம்தான் என்று நினைத்தபோது, 1997ல் கடையைக் கட்டினார்கள். ‘இண்டிபாப்’ என்ற பெயரில் இந்தி பாப் கொடிகட்டிப் பறந்த நேரம் அது. ஆங்கிலத்தில் பாடிய ராக் குழுவுக்கு யார் காசு கொடுப்பார்கள்? பாடகர் உதய் பெனகல் நியூயார்க் போய், பழைய சகா ஜயேஷ் காந்தியோடு சேர்ந்து ‘ஆம்ஸ் ஃபார் சாந்தி’ என்ற வேறொரு குழுவை நடத்தினார்.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2010ல் இண்டஸ் கிரீட் மறுபடி கூடியது. வந்தவர்கள் ஐந்து பேர். பெனகல், கிதார் மகேஷ் தினைகர், கீபோர்டு ஜூபின் பலபோரியா மூவரும் பழையவர்கள். பேஸ் வாசிக்க ருஷாத் மிஸ்திரி, டிரம்ஸுக்கு ஜெய் ராவ் கவி என்று இருவர் புதியவர்கள், வயதிலும் இளையவர்கள். பேஸும் டிரம்ஸும் மாறுவது சாதாரண மாற்றமல்ல. பாடகரைத்தான் கூட்டம் பார்க்கிறது. ஆனால் பாட்டின் நடையை நிர்ணயிப்பது அந்த இரண்டும்தான். வீட்டின் முகப்பை விட்டுவிட்டு அஸ்திவாரத்தை மாற்றியது போல.

பழைய பாட்டுகளை மட்டும் வாசித்துக் காலம் தள்ளியிருக்கலாம். ஞாபகத்துக்கு எப்போதும் டிக்கெட் விற்கும். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. 2012ல் ‘இவால்வ்’ என்ற புதிய ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். புதியவர்கள் இருவரும் வாடகைக்கு வந்தவர்கள் அல்ல, குழுவின் ஆட்கள்தான் என்பதற்கு அதைவிட வேறு சான்று தேவையில்லை.

பாடகரே இல்லாமல் போனால்? அமெரிக்காவின் ‘ஆலிஸ் இன் செயின்ஸ்’ 2002ல் லேன் ஸ்டேலியைப் பறிகொடுத்தது. 2006ல் வில்லியம் டுவாலோடு மேடையேறியது. 2009ல் புதிய ஆல்பம். ‘லிங்கின் பார்க்’ இன்னும் துணிந்தது. 2017ல் செஸ்டர் பென்னிங்டன் இறந்தபின் ஏழு ஆண்டு மௌனம். 2024 செப்டம்பரில் திரும்பியபோது அவர் இடத்தில் நின்றவர் ஒரு பெண், எமிலி ஆம்ஸ்ட்ராங். டிரம்ஸிலும் புதிய ஆள், காலின் பிரிட்டன். செஸ்டரின் குரலை இன்னொருவரிடம் கேட்க மனமில்லாத ரசிகர்கள் சண்டைக்கு நின்றார்கள். நவம்பரில் வந்த ஆல்பத்துக்குக் குழு வைத்த பெயர் ‘ஃப்ரம் ஜீரோ’. பூஜ்யத்திலிருந்து.