கனகாம்பரம் வாடுதா? வேரைப் பாருங்க!



குழுக் கூட்டத்துக்கு நாங்கள் வரும்போது கடன் பேச்சு முடிந்ததும் பூச்செடிப் பேச்சு வந்துவிடுகிறது. “நல்லா பூத்துக்கிட்டிருந்த கனகாம்பரம் ஒரே வாரத்துல வாடிப்போச்சும்மா” என்கிறார்கள். உள்கடன் வாங்கி நட்டவருக்கு இது சின்ன விஷயமா? செடி செத்தாலும் தவணை கட்டித்தானே ஆகணும்!

ஒருமுறை நட்டால் இரண்டு, மூன்று வருடம் பூக்கிற செடி இது. வாடினதும் தண்ணி பத்தலைன்னு குடம் குடமாக ஊற்றாதீர்கள். முதலில் ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். மணி மணியாக வீங்கியிருந்தால் அது நூற்புழு. கண்ணுக்குத் தெரியாத இந்தப் புழு வேரைத் துளைத்த இடத்தில் வாடல் நோய்ப் பூஞ்சாணமும் நுழைந்துவிடும். தண்ணீர் தேங்கினால் இன்னும் மோசம். (உளுந்து, கடலை வேரில் உள்ள முடிச்சு வேறு. அது நல்லது செய்யும், தேய்த்தால் உதிரும். இது உதிராது.)

அப்படி வாடிய செடி பிழைக்காது. வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள், எருக்குழியில் போடவேண்டாம். அதே குழியில் மறுபடி கனகாம்பரமும் வேண்டாம். கத்தரி, தக்காளி, வெண்டையில் இதே முடிச்சு பார்த்த இடமும் ஆகாது. அங்கே ஒரு போகம் துலுக்கச் சாமந்தி போடலாம். அதன் வேர் நூற்புழுவை அடக்கும், பூவும் மாலைக்கு விலை போகும்.

புதிதாக நடும்போது தண்ணீர் நிற்காத இடமாகப் பார்த்து, குழிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு போடுங்கள். மக்கிய எருவோடு டிரைக்கோடெர்மா விரிடி கலந்து போட்டால் பூஞ்சாணம் கட்டுப்படும்.

நாற்றில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நாட்டு ரகம் விதையில் வரும். காய்ந்த காயில் தண்ணி பட்டா படபடன்னு வெடிக்குமே, பிள்ளைகளுக்குத் தெரியும். டெல்லி கனகாம்பரம் விதை பிடிக்காது, தண்டு வெட்டித்தான் வைக்கணும். பக்கத்துத் தோட்டத்தில் சும்மா கிடைக்குதுன்னு வேரும் மண்ணுமாகக் கொண்டு வந்தால் புழுவும் கூடவே வரும். நல்ல செடியின் நுனித்தண்டை மட்டும் வெட்டி, புது மண்ணில் வேர் பிடிக்க வைத்து நடுங்கள்.

பூ, கதிரின் அடியிலிருந்து மேலே மலரும். ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலையில் பறியுங்கள். பூத்து முடிந்த கதிரை அப்பப்போ கிள்ளிவிட்டால் புதுக்கதிர் வரும்.