பற்றரி நல்லது, மெசின் ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை?

பெரும்போக விதைப்பு நெருங்கிய ஒரு காலை, கல்முனையிலிருந்து சம்மாந்துறை வட்டைக்குப் போக வேண்டிய ஓர் உழவு இயந்திரம் வளவை விட்டு வெளியேறவில்லை. திறப்பைத் திருகினால் "டிக்" என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. யுத்த காலத்திலும் பின்னர் 2004 சுனாமியிலும் இடம்பெயர்ந்த ஏழு குடும்பங்கள் சேர்ந்து வாங்கிய மெசின் அது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு நாள் பிந்தினால் ஒரு குடும்பத்தின் உழவு முறை தவறிவிடும். அந்த ஆண்டில் மட்டும் இரண்டு பற்றரிகள் மாற்றியிருந்தார்கள். "காக்கா, இனிப் பற்றரிக்குக் காசு போடாதீங்க, மெசின வித்துருவம்" என்றார் அவர்களில் இளையவர்.

நாமும் கராஜ் பாஸ் ஒருவரும் போய்ப் பார்த்தோம். கோளாறு பற்றரிக்கும் ஸ்டார்ட்டருக்கும் இடையில் ஓடிய வயரில் இருந்தது.

மெசி பெர்கசன் 135, 240 போன்ற மெசின்களில் பற்றரி முன்மூக்கில், றேடியேற்றருக்கு முன்னால் இருக்கும். ஸ்டார்ட்டரோ எஞ்சினின் பின்பக்கம், பறப்புச் சில்லின் அருகில் இருக்கிறது. கடற்கரை உப்புக் காற்றில் முன்பெட்டி உக்கிப்போனதால், இவர்கள் பற்றரியை ஆசனத்துக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டி ஒட்டி அதற்குள் வைத்திருந்தார்கள். பழைய வயர் எட்டவில்லை. ஆகவே வேறொரு மெல்லிய வயரை அதனோடு முறுக்கி, ரேப் சுற்றி நீட்டியிருந்தார்கள். எர்த் வயரை மட்காட்டின் ஒரு போல்ற்றில் பூட்டியிருந்தார்கள்.

"லைட் பளிச்சென்று எரிகிறதே, பிறகு வயரில் என்ன பிழை?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஒரு முன்விளக்கு 4 அல்லது 5 அம்பியர் மின்னைத்தான் இழுக்கும். மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சினைச் சுழற்றும் ஸ்டார்ட்டருக்கு 250 முதல் 300 அம்பியர் வரை வேண்டும். சேனநாயக்க சமுத்திரம் நிரம்பி வழிந்தாலும், கிளை வாய்க்கால் ஒடுங்கித் தூர்ந்து கிடந்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டாது அல்லவா? ஒரு குடம் மொள்ளப் போதுமான தண்ணீர் அதில் ஓடலாம். வயல் பாய்ச்சப் போதாது. வயரும் அப்படித்தான்.

கணக்காகச் சொன்னால், 16 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் 300 அம்பியர் ஓடும்போது ஒவ்வொரு மீற்றருக்கும் ஏறத்தாழ 0.3 வோல்ற் குறைகிறது. 50 சதுர மில்லிமீற்றர் வயரில் 0.1 வோல்ற் மட்டுமே குறையும். போகும் வயரும் எர்த் வயரும் சேர்த்து மூன்றரை மீற்றர் என்றால், மெல்லிய வயரிலேயே ஒரு வோல்ற்றுக்கு மேல் போய்விடும். முறுக்கிய மூட்டும், துருப்பிடித்த போல்ற்றும் தின்பது அதற்கு மேல். ஸ்டார்ட் பண்ணும் வேளையில் நல்ல பற்றரியே பத்து வோல்ற் அளவுக்கு இறங்கும். அதில் மேலும் இரண்டு மூன்று வோல்ற் போனால் ஸ்டார்ட்டர் எப்படிச் சுற்றும்?

புதுப் பற்றரி வாங்குமுன் ஒரு சிறிய மின்மீற்றரால் இதைச் சோதித்துப் பார்க்கலாம். முதலில் கியரை நடுநிலையில் விட்டு, எஞ்சினை நிறுத்தும் கம்பியை இழுத்து வையுங்கள். எஞ்சின் சுற்றும், ஆனால் ஸ்டார்ட் ஆகாது. மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் நேர் ஈய முனையிலும் (கிளிப்பில் அல்ல), மறுமுனையை ஸ்டார்ட்டரின் பெரிய போல்ற்றிலும் வைத்து, ஒருவர் திறப்பைத் திருகும்போது பாருங்கள். 0.5 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் கோளாறு உண்டு. அடுத்து, பற்றரியின் மறை முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையில் அளவுங்கள். இங்கே 0.3க்கு மேல் போகக்கூடாது. இரண்டும் சரியாக இருந்து, பற்றரியின் இரு முனைகளுக்கிடையில் 9.6க்குக் கீழே இறங்கினால்தான் பற்றரியைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் முதலில் நன்றாகச் சார்ஜ் ஏற்றிப் பாருங்கள். ஓய்வில் 12.6 காட்டினால் நிறைந்த பற்றரி, 12.2 என்றால் பாதிதான்.

மீற்றர் இல்லாதவர்கள் சில விநாடிகள் சுழற்றிவிட்டு ஒவ்வொரு மூட்டையும் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். சுடுகிற மூட்டுத்தான் குற்றவாளி.

நாம் சோதித்த மெசினில் நேர் வழியில் மட்டும் 2.6 வோல்ற் போய்க்கொண்டிருந்தது.

பற்றரியை இடம் மாற்றத்தான் வேண்டுமென்றால், ஸ்டார்ட்டர் உள்ள பக்கத்தில் மிதிபலகைக்கு அருகே வைப்பது நல்லது. வயர் குறுகும், வயருக்கான செலவும் குறையும். டீசல் தாங்கிக்குக் கீழேயும் புகைக்குழாய்க்குப் பக்கத்திலும் வேண்டாம். அடியில் இறப்பர் போட்டு, மேலே பட்டி வைத்து இறுக்க வேண்டும். வரப்பில் ஏறி இறங்கும்போது குலுங்கினால் உள்ளே தகடுகள் உதிரும். சார்ஜ் ஏறும்போது ஐதரசன் வாயு வெளிவரும், அது வெடிக்கக்கூடியது. ஆகவே பெட்டியில் காற்றுத் துளைகள் அவசியம்.

வெல்டிங் வேலைக்கு விற்கும் 50 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் இதற்குப் பொருத்தமானது. ஒரே துண்டாக வாங்கி, இரு முனையிலும் செப்புக் காதுகளை அழுத்திப் பூட்டச் செய்யுங்கள். எர்த் வயரும் அதே தடிப்பில், ஸ்டார்ட்டரின் பூட்டு போல்ற்றிலோ கியர்ப் பெட்டியிலோ, பெயின்ற் சுரண்டிய வெறும் இரும்பில் பூட்டப்பட வேண்டும். பலரும் நேர் வயருக்குக் காசு செலவழித்துவிட்டு எர்த்தை மறந்துவிடுகிறார்கள். ஸ்டார்ட்டருக்குப் போகும் இந்த வயருக்குப் பியூஸ் கிடையாது. அது இரும்பில் உரசித் தோல் தேய்ந்தால் தீப்பிடிக்கும். சூடடிக்கும் காலத்தில் சுற்றிலும் வைக்கோல் கிடக்கும் என்பதை நினைத்து, இரும்பு முட்டும் இடமெல்லாம் வயரை இறப்பர்க் குழாய்க்குள் விடுங்கள். வேலை தொடங்குமுன் முதலில் எர்த்தைக் கழற்றுங்கள். முடிந்தபின் கடைசியாக அதைப் பூட்டுங்கள்.

சுனாமியில் உப்புத் தண்ணீர் பட்ட மெசின்கள் கைமாறிக் கைமாறி வந்திருக்கலாம். அவற்றின் வயர் வெளியே நன்றாகத் தெரிந்தாலும், தோலைச் சீவினால் உள்ளே செம்பு கறுத்திருக்கும். நுனியை மட்டும் வெட்டிப் பூட்டுவதில் பயனில்லை. பற்றரி முனைகளில் பூக்கும் பச்சை வெள்ளைத் தூளை அப்பச்சோடா கரைத்த சுடுநீரால் கழுவி, உலர்த்தி, இறுக்கியபின் மேலே கிறீஸ் பூசுங்கள். கிணற்றுத் தண்ணீர் பற்றரிக்கு ஆகாது. காய்ச்சி வடித்த நீரே ஊற்ற வேண்டும்.

மிகப் பழைய மெசின்களில் நேர் முனையே எர்த்தாக இருக்கும். டைனமோவை எடுத்துவிட்டு அல்ரனேற்றர் போட விரும்புபவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். மாற்றாமல் பூட்டினால் அல்ரனேற்றர் அப்போதே எரிந்துவிடும். குறைந்த மின்னில் வேகமாகச் சுழற்றும் பல்லிணைப்பு ஸ்டார்ட்டர்களும் இப்போது கிடைக்கின்றன. ஆனால் பழைய ஸ்டார்ட்டரின் காபனும் புஷ்ஷும் தேய்ந்தனவா என்று பார்த்த பிறகு அதை யோசித்தாற் போதும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம். ஸ்டார்ட் ஆகவில்லை என்று கீழே நின்றுகொண்டு ஸ்குறூட்றைவரால் ஸ்டார்ட்டரின் போல்ற்றுகளை இணைக்காதீர்கள். கியரில் இருந்தால் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் பாதுகாப்புச் சுவிட்சை அது தாண்டிவிடும். மெசின் கியரில் நின்றால் பெரிய சில்லு உங்கள் மேலேயே ஏறும். உலகம் முழுவதும் விவசாயிகள் இப்படி இறந்திருக்கிறார்கள்.

அந்த மெசினில் பற்றரியை மிதிபலகைப் பக்கம் கொண்டுவந்து, இரு வயர்களையும் மாற்றினோம். நேர் வழியில் இழப்பு 0.2 வோல்ற்றாக இறங்கியது. அடுத்த நாள் சுபஹுக்குப் பின் முதல் திருகலிலேயே ஸ்டார்ட் ஆகி வட்டைக்குப் போனது. ஒதுக்கி வைத்திருந்த இரண்டு பற்றரிகளையும் சார்ஜ் ஏற்றிப் பார்த்தோம். ஒன்று நன்றாக இருந்தது. இப்போது ஒரு வீட்டில் விளக்கெரிக்கிறது. மற்றது மாதக்கணக்கில் வெறுமையாகக் கிடந்ததால் பழுதாகி, பழைய ஈய விலைக்குத்தான் போனது.