ஓர் அங்குல உயரத்தில் ஓர் உலகம்

பொழுதுபோக்குகளில் இருவகை உண்டு. பொருளை வாங்கியவுடன் இன்பம் முடிந்துவிடுவது ஒருவகை. வாங்கிய பிறகே இன்பம் தொடங்குவது மற்றொரு வகை. இரண்டாம் வகையைச் சேர்ந்த ஒன்றை இவ்விதழில் வாசகர்களுக்கு அறிமுகம் செய்கிறோம். அறிவியல் புனைகதை உலகத்து வீரர்களையும் எந்திரங்களையும் ஏறக்குறைய ஓர் அங்குல உயரத்தில் வடித்த சிற்றுருவங்களை வெட்டி, ஒட்டி, உருமாற்றி, வண்ணம் தீட்டும் கலையே அது. மேசைமீது ஆடப்படும் போர் விளையாட்டுக்காக உருவானவை இவை. ஆயினும் விளையாட்டையே ஆடாமல், தீட்டுவதற்காக மட்டும் இவற்றை வாங்குவோரும் பலர்.

சதுரங்கத்திலிருந்து விண்வெளிக்கு

மேசைப் போர் விளையாட்டின் வேரைத் தேடிச் சென்றால் நம் நாட்டுச் சதுரங்கத்தில் வந்து நிற்போம். இந்தியாவிலிருந்து பாரசீகம், அரபு நாடுகள் வழியே ஐரோப்பாவை அடைந்த சதுரங்கத்தை, 1780-ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஹெல்விக் என்பவர் மலை, ஆறு, பலவகைப் படைகள் ஆகியன கொண்ட போர் விளையாட்டாக விரித்தார். 1824-இல் ரைஸ்விட்ஸ் என்னும் பிரஷ்ய அதிகாரி வகுத்த விதிகள் படைத்தலைவர்களின் பயிற்சிக்கே பயன்பட்டன. அறிவியல் புனைகதை முன்னோடியான எச்.ஜி. வெல்ஸ் 1913-இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற நூலை வெளியிட்டு, பொம்மை வீரர்களைக் கொண்டு வீட்டிலேயே ஆடத்தக்க விதிகளைப் பொதுமக்களுக்கு வழங்கினார்.

1975-இல் லண்டனில் மூன்று நண்பர்கள் தொடங்கிய கேம்ஸ் வொர்க்‌ஷாப் என்னும் நிறுவனம், 1987-இல் ரிக் பிரீஸ்ட்லி வடிவமைத்த ‘வார்ஹேமர் 40,000’ விளையாட்டை வெளியிட்டது. மிகத் தொலைவான எதிர்காலத்தில் நிகழ்வதாகப் புனையப்பட்ட கதை அது. அவ்வாண்டே முப்பது பிளாஸ்டிக் வீரர்கள் அடங்கிய பெட்டியொன்றும் விற்பனைக்கு வந்தது. தலை, கை, முதுகுச்சுமை ஆகியன தனித்தனித் துண்டுகளாக இருந்தமையால், ஒருவனுடைய கையை மற்றொருவனுக்குப் பொருத்த முடிந்தது. நாட்டிங்ஹாம் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அந்நிறுவனம் 2024 டிசம்பரில் லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு நிறுவனங்களுக்குரிய எஃப்.டி.எஸ்.இ. 100 குறியீட்டில் இடம்பெற்றது. சிற்றுருவங்களையே முதன்மைத் தொழிலாகக் கொண்ட ஒரு நிறுவனம் பெரும் வங்கிகளோடு ஒரே பட்டியலில் நிற்பது, இப்பொழுதுபோக்கின் வளர்ச்சியைக் காட்டுகிறது.

எனினும் இக்கலையின் உயிர் பெட்டியில் இல்லை. அந்நிறுவனத்தின் ‘ஒயிட் ட்வார்ஃப்’ இதழே தொடக்கக் காலத்தில், வீசி எறிய வேண்டிய நறுமணப் பூச்சுக் குப்பியைக் கொண்டு மிதவை ஊர்தி செய்யும் முறையை வாசகர்களுக்குக் கற்பித்தது. 1977-இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்தின் மாதிரிக் கலைஞர்களும், கடைகளில் கிடைத்த பீரங்கி வண்டி, விமானப் பொம்மைப் பெட்டிகளின் உதிரித் துண்டுகளை ஒட்டியே விண்கலங்களின் மேற்பரப்பை நிறைத்தனர். ஒரு பொருள் எதற்காகச் செய்யப்பட்டது என்பதை மறந்து, அது எதுவாக ஆகக்கூடும் என்று காண்பதே உருமாற்றத்தின் முதற்பாடம்.

ஒரு வீரன் உருமாறும் விதம்

எடுத்துக்காட்டாக, ஒரே தோற்றமுடைய பத்து வீரர்களில் ஒருவனைப் போரில் கையிழந்து எந்திரக் கை பொருத்திக்கொண்ட மூத்த வீரனாக மாற்றுவோம். கத்தியை எடுக்குமுன் அவனுடைய கதையை ஒரே வரியில் எழுதிக்கொள்வது நல்லது. எதை வெட்டுவது, எதை விட்டுவைப்பது என்பதை அவ்வரியே தீர்மானிக்கும். கதையில்லாமல் தொடங்கிய உருமாற்றம் ஆயுதங்களின் குவியலாகவே முடியும்.

துண்டுகளைச் சட்டத்திலிருந்து வெட்டி எடுத்ததும், அச்சின் இரு பகுதிகளும் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று தென்படும். அதனைக் கத்தியின் முதுகால் சுரண்டி நீக்க வேண்டும். வெறும் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் அக்கோடு வண்ணம் பூசியபின் தழும்புபோல் எழுந்து நிற்கும். அடுத்து வீரனின் முழங்கைக்குக் கீழே வெட்டி, வேறொரு ரோபோப் பெட்டியின் கைத்துண்டை அங்கே வைத்துப் பார்க்கிறோம். பசையிடுவதற்கு முன் பலமுறை இவ்வாறு பொருத்திப் பார்ப்பதே பாதி வேலை.

பசையிலும் வேறுபாடு உண்டு. பாலிஸ்டைரீன் வகைப் பிளாஸ்டிக்குக்கு உரிய பசை, இரு பரப்புகளையும் சற்றே உருக்கி ஒன்றாக்கிவிடுகிறது. காய்ந்தபின் அது ஒட்டு அன்று, ஒரே துண்டு. உலோகத்திலும் ரெசினிலும் இப்பசை செயல்படாது. அவற்றுக்குச் சூப்பர் குளூ எனப்படும் சயனோஅக்ரிலேட் தேவை. எடைமிக்க உலோகக் கைக்கு அதுவும் போதாது. எனவே இருபுறமும் சுமார் ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் துளையிட்டு, உள்ளே சிறு கம்பித் துண்டைச் செருகி ஒட்டுகின்றனர்.

இணைப்பில் தோன்றும் இடைவெளியை நிரப்பவும், புதிதாகத் துணி மடிப்பு வடிக்கவும் ‘கிரீன் ஸ்டஃப்’ என்னும் புட்டி பயன்படுகிறது. நீலமும் மஞ்சளுமான இரு பட்டைகளைப் பிசைந்தால் பச்சையாகும். பிசைந்தபின் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் வடிக்க இடங்கொடுத்துப் பின்னர் இறுகும். நம் இல்லங்களில் குழாய்க் கசிவை அடைக்க உதவும் எம்-சீலும் இவ்வகை எபாக்சிப் புட்டியே. அது விரைவில் இறுகி, கடினமாகவும் ஆவதால், நுண்ணிய மடிப்புகளைவிடப் பாறை, இடிபாடு போன்றவற்றுக்கே ஏற்றது. புட்டி கருவியில் ஒட்டாதிருக்க, கருவியை நீரில் நனைத்துக்கொள்ள வேண்டும்.

எஞ்சிய நுணுக்கங்களை வீட்டிலேயே காணலாம். அறுந்த கிடார்க் கம்பி எந்திரக் கையின் குழாயாகிறது. பழுதான கைக்கடிகாரத்தின் பற்சக்கரம் அவன் நிற்கும் பீடத்தில் சிதைந்த எந்திரமாகிறது. பால்பாயிண்ட் பேனாவின் தீர்ந்த ரீஃபில் உடைந்த குழாயாகவும், தக்கைத் துண்டு பாறையாகவும் உருக்கொள்கின்றன.

சிறிய உருவில் ஒளி ஏமாற்றுகிறது

ஆறடி மனிதனின் மேலங்கி மடிப்பில் விழும் நிழல் இயல்பாகவே ஆழமாகத் தெரிகிறது. அவனை ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்காகச் சுருக்கினாலும், அறையின் ஒளி அதேபோல் சுருங்குவதில்லை. மில்லிமீட்டர் அளவுள்ள மடிப்பில் நிழல் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. எனவே ஒரே வண்ணம் பூசிய சிற்றுருவம் தட்டையாகத் தோன்றும். இயற்கை தராத நிழலையும் ஒளியையும் தூரிகையால் நாமே தருவதுதான் இவ்வண்ணக்கலையின் அடிப்படை.

முதலில் வண்ணம் பற்றிக்கொள்ளும்படி பிரைமர் பூச வேண்டும். முழுவதும் கறுப்புப் பூசி, தலைக்கு மேலிருந்து மட்டும் வெண்மையைத் தெளித்தால், வானொளி எங்கே விழும் என்ற வரைபடம் உருவத்தின்மீதே கிடைத்துவிடும். பின்னர் அக்ரிலிக் வண்ணத்தைச் சிறிது நீர் கலந்து, இரண்டு மூன்று மெல்லிய பூச்சுகளாக இட வேண்டும். ஒரே கெட்டியான பூச்சு விரைவாக முடிந்தாலும் முகத்தின் கண், மூக்கு, வாய் ஆகியவற்றை நிரப்பி அழித்துவிடும்.

அதன்மேல் ‘வாஷ்’ எனப்படும் நீர்த்த கருவண்ணத்தை இட்டால், அது பள்ளங்களில் தேங்கி நிழலாகிறது. தூரிகையின் ஈரத்தைத் துணியில் ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்டு மேடுகளில் உரசினால், மேடுகள் மட்டும் வெளிர்வண்ணம் பெறுகின்றன. இறுதியாகக் கவசத்தின் விளிம்புகளில் மெல்லிய வெளிர்கோடு இழுக்கும்போது, பிளாஸ்டிக் உலோகமாக மாறுவதைக் கண்ணெதிரே காணலாம். மிகச் சிறிய தூரிகையே நுண்பணிக்கு உகந்தது எனப் பலரும் எண்ணுகின்றனர். அதன் நுனியில் வண்ணம் உடனே உலர்ந்துவிடும். கூரிய முனையுள்ள ஒன்றாம் எண் தூரிகையே பெரும்பாலும் நன்கு பயன்படும்.

எந்திரத்துக்கு வயதேற்றும் கலையும் உண்டு. கைப்பிடி, படி, விளிம்பு என அடிக்கடி தொடப்படும் இடங்களிலேயே வண்ணம் உதிரும். துரு நீரோடு சேர்ந்து கீழ்நோக்கியே வழியும். புழுதி காலிலும் சக்கரத்திலும் மிகுந்திருக்கும். இக்காரணங்களை எண்ணிப் பஞ்சு நுனியால் புள்ளியிட்டால், நேற்றுச் செய்த ஊர்தியும் நூறு போர்களைக் கண்டதாகத் தோன்றும். காரணமின்றி எங்கும் கறையைப் பூசினால் அது அழுக்காகவே நிற்கும்.

கைக்கும் பைக்கும் காவல்

உடல்நலம் முதற்கண். பழைய உலோகச் சிற்றுருவங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அரம் போட்டபின் கையைக் கழுவாமல் உண்ணலாகாது. ரெசின் தூள் நுரையீரலுக்குத் தீங்கானது. முகக்கவசம் அணிந்து, ஈரத்தோடு தேய்க்க வேண்டும். கத்தியை எப்போதும் உடலுக்கு அப்பால் நோக்கியே செலுத்த வேண்டும். சிறு துண்டுகளும் பசையும் குழந்தைகளுக்கு எட்டாதிருக்கட்டும். காற்றில் ஈரம் மிக்க கடற்கரை நகரங்களிலும் மழைக்காலத்திலும் தெளிப்பு வார்னிஷ் வெண்படலமாகப் படிந்து உழைப்பைக் கெடுத்துவிடக்கூடும். உலர்ந்த நாளுக்காகக் காத்திருப்பதோ, தூரிகையால் பூசும் வகையைக் கையாள்வதோ நலம்.

அடுத்தது செலவு. இப்பொழுதுபோக்கில் ஈடுபட்டோர் பலர் வீட்டிலும் திறக்கப்படாத பெட்டிகள் அடுக்கியிருப்பதைக் காணலாம். வாங்க ஒரு நிமிடம் போதும். தீட்டப் பல மணி நேரம் வேண்டும். இவ்விடைவெளியைக் கணக்கிடாததே இதற்குக் காரணம். ஒரு வீரனுக்கு மூன்று மணி நேரம் என்றே கொள்வோம். முப்பது வீரர்களுக்குத் தொண்ணூறு மணி நேரமாகிறது. வாரத்தில் மூன்று மணி நேரம் மட்டுமே கிடைப்பவருக்கு ஒரு பெட்டி முப்பது வாரப் பணி. அதற்குள் இரண்டாம் பெட்டியை வாங்குவது, தம்மிடம் இல்லாத நேரத்தைக் கடனாகப் பெறுவதற்கு ஒப்பாகும்.

ஆகவே தொடங்குவோருக்கு ஐந்து வீரர்கள், ஆறேழு வண்ணங்கள், இரண்டு தூரிகைகள், ஒரு கத்தி, ஒரு பசை ஆகியவை போதும் என்பதே நம் பரிந்துரை. கறுப்பு, வெள்ளை, சிவப்பு, நீலம், மஞ்சள், பழுப்பு, வெள்ளி ஆகியவற்றைக் கலந்தே பெரும்பாலான நிறங்களைப் பெறலாம். வெட்டியபின் எஞ்சும் கை, தலை, ஆயுதங்களை வீசாமல் ஒரு டப்பாவில் சேர்த்துவரின், அடுத்த உருமாற்றத்துக்கு அதுவே முதலாகும். முதற்குழுவைத் தீட்டி முடித்த பிறகே அடுத்ததை வாங்குவது என்ற ஒரு விதியைக் கடைப்பிடித்தால், பணமும் மிஞ்சும், கைத்திறனும் வளரும்.

தொழிற்சாலை அச்சில் வார்த்த வீரர்கள் அனைவரும் ஒருவரே. கை மாறி, வடு ஏறி, நிறம் பெற்றவனுக்கு மட்டும் இணை கிடையாது. அவனைக் கடையில் வாங்க இயலாது. செய்துதான் பெற வேண்டும். ஓய்வு பெற்ற பெரியவரும் பள்ளி விடுமுறையிலுள்ள பேரப்பிள்ளையும் ஒரே மேசையில் அமர்ந்து, விளக்கொளியில் ஆளுக்கொரு வீரனைத் தீட்டும் மாலைப்பொழுதுக்கு அதிகச் செலவு பிடிப்பதில்லை. வாசகர்களும் ஒரு வீரனிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம்.