பெரிய கோயிலில் மோதிய அரை டன் கருவி! தெரியுமா?

தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை நின்று படித்திருக்கிறீர்களா? செப்புத் திருமேனிகள் பாதம் முதல் கேசம் வரை எத்தனை முழம், எத்தனை விரல் என்று கல்லிலேயே கணக்கு இருக்கிறது! பொன்னை நிறுக்க 'ஆடவல்லான்' என்ற எடைக்கல், மணிகளை நிறுக்க 'தட்சிணமேருவிடங்கன்' என்ற எடைக்கல். குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சனின் பெயரும் கல்வெட்டில் உண்டு.

இன்னொரு ஆச்சரியம். ராஜராஜன் காலத்து நில அளவைக் கணக்கு, ஒரு வேலியை 5,242 கோடிக்கும் மேற்பட்ட கூறுகளாகப் பிரிக்கும் பின்னம் வரை போகிறது! வேலி என்பது சுமார் ஆறே முக்கால் ஏக்கர். அப்படியானால் ஒரு கூறு அரை சதுர மில்லிமீட்டர். எறும்பு நிற்கக்கூட இடம் போதாது!

சரி, 1808-இல் இதே கோயிலில் என்ன நடந்தது தெரியுமா? 1802-இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து நாட்டின் முக்கோண அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், தஞ்சைக்கு வந்தார். கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் தென்னையும்தான். ஏறி நின்று பார்க்க மலை ஏது? கோயிலைத்தான் மலையாக்கினார். சுமார் அரை டன் எடையுள்ள, கோணம் அளக்கும் தியோடலைட் கருவியைக் கயிறு கட்டி மேலே இழுத்தபோது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதியது. கோணம் காட்டும் பித்தளை வட்டமே நெளிந்துபோனது! வேறொருவர் என்றால் லண்டனுக்கு எழுதிப்போட்டுக் காத்திருப்பார். லாம்டனோ கூடாரத்துக்குள் புகுந்து, ஆறு வாரம் ஆப்பும் திருகும் கப்பியுமாகப் போராடி, வட்டத்தைப் பழைய வடிவுக்கே கொண்டுவந்தார். எப்பேர்ப்பட்ட பிடிவாதம்!

இன்று அந்த வேலையை ஒருவர் தோளில் தூக்கிச் செல்லும் 'டோட்டல் ஸ்டேஷன்' செய்கிறது. லேசர் ஸ்கேனரோ நொடிக்குப் பல லட்சம் புள்ளிகளை அளந்து, கட்டடத்தை அப்படியே கம்ப்யூட்டருக்குள் எழுப்பிவிடும்!

கட்டடத்தைக் கருவியால் பதிவுசெய்யும் வழக்கம் டெல்டா கிராமத்துக்கும் வந்துவிட்டது. பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில் வேலையின் ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் செல்போன் செயலியில் போட்டோ ஏறவேண்டும். இடம், தேதி, நேரம் எல்லாம் படத்தோடு பதிவாகும். அதைப் பார்த்துத்தான் அடுத்த தவணை வங்கிக் கணக்குக்கு வரும்.

நீங்கள் வீடு கட்டுகிறீர்களா? கான்கிரீட் கொட்டும் முன் கம்பிகளையும், பூச்சுக்கு முன் சுவருக்குள் ஓடும் குழாய், ஒயர்களையும் டேப் வைத்து அளவு தெரிய போட்டோ எடுத்துவிடுங்கள். பூசிய பிறகு யாராலும் பார்க்க முடியாது.